ஆளில்லாச் சாலைக்கு ஆயத்தம்

நமீபியாவுக்குப் போய்ச் சொந்தமாக வண்டி ஓட்ட நினைக்கும் நம்மவர்களுக்கு முதலில் கிடைக்கும் நிம்மதி, அங்கும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பது. ஸ்டியரிங் வலப்பக்கம், கியர் இடக்கையில். பலகைகள் ஆங்கிலத்தில். பெட்ரோல் பங்க்கில் நம் ஊர் போலவே ஆள் வந்து போட்டுவிடுவார். போதாக்குறைக்கு, தமிழ்நாட்டைப் போல ஆறு மடங்கு பரப்புள்ள அந்த நாட்டில் 2023 கணக்கெடுப்பின்படி மொத்தமே சுமார் 30 லட்சம் பேர்தான். பொங்கல் நெரிசலில் தாம்பரம் தாண்டி ஊர்போய்ச் சேர்ந்த அனுபவம் உள்ளவருக்கு, ஆளே இல்லாத சாலையில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றுவது இயல்பு.

ஆபத்து அந்த நினைப்பில்தான் தொடங்குகிறது. அங்கே சுற்றுலாப் பயணிகள் சிக்கும் கடுமையான விபத்துகள் பலவற்றில் எதிர்வண்டி என்று ஒன்றே இருப்பதில்லை. வண்டி தானாகச் சறுக்குகிறது, தானாக உருள்கிறது. நெரிசலான சாலையில் நம்மைக் காப்பாற்றும் பழக்கங்கள், அதாவது சட்டென்று பிரேக் அடிப்பதும் கடைசி நொடியில் ஒடித்துத் தப்புவதும், சரளைச் சாலையில் நம்மைக் கவிழ்க்கும். ஆகவே இந்தப் பயணத்துக்கான ஆயத்தத்தில் விசாவும் ஹோட்டலும் சின்னப் பங்கு. கையும் காலும் பழகிய பழக்கத்தை மாற்றிக்கொள்வதுதான் பெரிய பங்கு. பயண நூல்கள் இதைக் கடைசிப் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுகின்றன. நான் இங்கே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

சாலை எண்ணுக்கு முன்னால் நிற்கும் எழுத்திலிருந்து தொடங்கலாம். பி என்றால் தார்ச்சாலை. தெற்கே தென்னாப்பிரிக்க எல்லையிலிருந்து வடக்கே அங்கோலா எல்லை வரை நாட்டை நீளவாக்கில் கடக்கும் பி1 இவற்றில் முதன்மையானது. சி என்றால் சில இடங்களில் தார், பெரும்பாலும் சரளை. டி அநேகமாக முழுக்கச் சரளை. நாட்டின் சாலைகள் ஏறக்குறைய 50,000 கிலோமீட்டர். அதில் தார் கண்டது சுமார் ஆறில் ஒரு பங்கு. சொசுஸ்ஃப்ளெய் மணல்மேடுகளும் டாமராலாந்தின் பாறை ஓவியங்களும் பார்க்கப் போகிறவர் மிச்சமுள்ள ஐந்து பங்கில்தான் பெரும்பகுதி நாளைக் கழிப்பார்.

நமீபியாவின் சரளைச் சாலைகள் மோசமானவை அல்ல; நல்லவை என்பதே சிக்கல். கிரேடர் வண்டிகள் தொடர்ந்து இழுத்துச் சமன்செய்வதால் சாலை அகலமாக, நூல் பிடித்தாற்போல நேராக, அடிவானம் வரை ஓடும். வழியில் மரம் இல்லை, கடை இல்லை, வேகத்தை ஒப்பிட்டுப் பார்க்க எதுவுமே இல்லை. எண்பதில் போவது நாற்பதில் போவதுபோல இருக்கும். சட்டப்படி தாரில் 120, சரளையில் 100 வரை போகலாம். வாடகை நிறுவனங்கள் பலவும் சரளையில் 80-க்கு மேல் போகாதே என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகின்றன. வண்டியில் வேகத்தைப் பதியும் கருவியும் இருக்கும். என் அபிப்பிராயத்தில் 80 என்பது உச்சவரம்பு, எப்போதும் ஓட்ட வேண்டிய வேகம் அல்ல. 60 முதல் 70-க்குள் ஓட்டினால்தான் எதையாவது பார்க்கவும் முடியும், நிறுத்தவும் முடியும்.

வண்டி எப்படி உருள்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி ஆபத்து விலகிவிடும். கிரேடர் ஒதுக்கிய தளர்ந்த கற்கள் சாலையின் இரு ஓரமும் வரப்புபோலக் குவிந்து கிடக்கும். எதிரே வரும் வண்டிக்கு வழிவிட ஒதுங்கும்போதோ, தூரத்து மலையைப் பார்த்தபடி கவனம் பிசகும்போதோ இடப்பக்கச் சக்கரங்கள் அந்த வரப்பில் ஏறுகின்றன. வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. ஓட்டுபவர் பதறி வலப்பக்கம் ஒடிக்கிறார். முன்சக்கரம் கெட்டித் தரையைப் பற்றிய கணத்தில் பின்பக்கம் வீசுகிறது. அதைச் சரிசெய்ய மறுபடி ஒடிக்கிறார், வீச்சு இன்னும் கூடுகிறது. கூரையில் கூடாரம், பின்னால் ஃபிரிட்ஜ், தண்ணீர்க் கேன், எரிவாயு சிலிண்டர் என்று ஏற்றிக்கொண்ட டொயோட்டா ஹைலக்ஸுக்குப் புவியீர்ப்பு மையம் உயரத்தில் இருக்கும். இரண்டு மூன்று வீச்சுகளே அதற்குப் போதும். இவ்வளவும் நடக்க சில விநாடிகள்தான் பிடிக்கும், யோசிக்க நேரம் இருக்காது.

செய்ய வேண்டியது நம் உள்ளுணர்வுக்கு நேர்மாறானது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும். பிரேக்கைத் தொடக் கூடாது. ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்து, வண்டி வரப்போடு கொஞ்ச தூரம் போக விட்டு, வேகம் தணிந்த பிறகு மெல்லத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். படித்துத் தெரிந்துகொண்டால் போதாது, உடம்பு தெரிந்துகொள்ள வேண்டும். முதல் சரளைப் பகுதியில் முன்னும் பின்னும் ஆளில்லாதபோது முப்பது, நாற்பது வேகத்தில் இதைச் செய்து பார்ப்பது நல்லது. எவ்வளவு தூரத்தில் வண்டி நிற்கிறது என்றும் பார்த்துவிடலாம். தார்ச்சாலைக் கணக்கில் இருப்பவருக்கு அந்தத் தூரம் அதிர்ச்சியாக இருக்கும். ஃபோர் வீல் டிரைவ் வண்டி என்றால் சரளையில் நான்கு சக்கரத்துக்கும் இழுவை வரும்படி ஹை ரேஞ்சில் போட்டுவிடச் சொல்வார்கள். வண்டி அலையாமல் நிற்கும்.

எல்லோரும் ஓட்டி ஓட்டிப் பதிந்த சக்கரத் தடம் சாலை நடுவில் தெரியும். அதில் போவதுதான் பத்திரம். ஆனால் ஏற்றத்தின் உச்சி நெருங்கும்போது, மறுபக்கம் தெரியாததால், கட்டாயம் இடப்பக்கம் வந்துவிட வேண்டும். எதிர்வண்டி வந்தால் இருவருமே வேகத்தைக் குறைத்துக் கடக்க வேண்டும். தெறிக்கும் கல் முன்கண்ணாடியை விரிசல் விடவைக்கும். முன்னே போகும் வண்டியின் புழுதியில் நுழைவதைப் போன்ற மடத்தனம் இல்லை. பகலிலும் விளக்கைப் போட்டு ஓட்டச் சொல்வது அந்தப் புழுதிக்காகத்தான்.

அடுத்தது டயர். தலைநகர் விண்ட்ஹூக்கில் எங்களுக்கு வண்டியை ஒப்படைத்த பெண்மணி சாவியை நீட்டுவதற்கு முன் காற்றழுத்தமானியைத்தான் நீட்டினார். நான்கு சக்கரங்களையும் எங்களையே அளக்க வைத்தார். தாரில் 32, சரளையில் 26, சொசுஸ்ஃப்ளெய் மணலில் 17 என்று சாக்பீஸால் பலகையில் எழுதிக்காட்டி, “கல் குத்திக் கெடுகிற டயரைவிடக் காற்று கூடுதலாக இருந்து கெடுகிற டயர்தான் இங்கே அதிகம்” என்றார். இறுக்கமான டயர் கல்லின் மேல் துள்ளும், கூர்முனையில் கிழியும். கொஞ்சம் தளர்ந்த டயர் கல்லை உள்வாங்கி நகரும், பிடிமானமும் கூடும். இந்த எண்கள் வண்டிக்கும் சுமைக்கும் தக்கபடி மாறும் என்பதால் அவரவர் நிறுவனத்திடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். மணலிலிருந்து வெளியே வந்ததும் மறக்காமல் காற்றை ஏற்ற வேண்டும். அதற்கு வண்டியில் செருகி ஓட்டும் சின்ன கம்ப்ரசர் தேவை. தருகிறார்களா என்று முன்பதிவின்போதே கேட்கலாம்.

பிறகு ஸ்டெப்னியைக் கழற்றச் சொன்னார். வண்டிக்கு அடியில் சங்கிலியில் தொங்கும் அதை இறக்க ஒரு நீளக் கம்பியை பம்பரில் உள்ள துளையில் விட்டு, கண்ணுக்குத் தெரியாத கொக்கியில் சரியாகப் பொருத்திச் சுழற்ற வேண்டும். நிழலில், பக்கத்தில் சொல்லித்தர ஆள் இருக்கும்போதே அதற்கு நேரம் பிடித்தது. அதை முதல்முறையாக சி14 சாலையோர வெயிலில் செய்து பார்ப்பவரின் நிலையை நினைத்துப் பார்க்கலாம். ஒரு ஸ்டெப்னி போதாது, இரண்டு வேண்டும். ஜாக்கி மண்ணில் புதையாமலிருக்க அடியில் வைக்க ஒரு தட்டைப் பலகை, வீல் ஸ்பேனர் அந்தச் சக்கரத்தின் நட்டுக்குப் பொருந்துகிறதா, டயரின் பக்கச் சுவரில் வெட்டு உண்டா என்று எல்லாவற்றையும் அங்கேயே பார்க்க வேண்டும். வண்டியைச் சுற்றிக் கைபேசியில் வீடியோ எடுப்பதும் அப்போதுதான். ஒப்படைப்புக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்காத நிறுவனத்தை நான் நம்பமாட்டேன்.

ஃபோர் வீல் டிரைவ் கட்டாயமா என்ற கேள்விக்குப் பதில் பாதையைப் பொறுத்தது. விண்ட்ஹூக், சொசுஸ்ஃப்ளெய், ஸ்வாகொப்முண்ட், எட்டோஷா என்ற வழக்கமான சுற்றுக்கு மழையில்லாக் காலத்தில் தரையிலிருந்து கொஞ்சம் உயரமான சாதாரண வண்டியே போதும். சொசுஸ்ஃப்ளெய்க்குள் நுழையும் செஸ்ரியம் வாசலிலிருந்து 60 கிலோமீட்டர் தார். கடைசி ஐந்து கிலோமீட்டர்தான் ஆழ்மணல், அதற்குக் கட்டண ஜீப் இருக்கிறது. வடமேற்கின் கவோகோலாந்து வேறு உலகம். அங்கே இரண்டு வண்டிகளாகப் போவதும், முன்பே பாலைவனத்தில் ஓட்டியவர் ஒருவராவது கூட இருப்பதும் அவசியம். முதல் பயணத்தில் அதைத் தொடவே வேண்டாம் என்பேன்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் ‘முழுக் காப்பீடு’ என்ற தலைப்பைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடக் கூடாது. விலக்குகள் பகுதியைத்தான் வாசிக்க வேண்டும். டயரும் கண்ணாடியும் தனியே பணம் கட்டினால் ஒழிய அடங்காது. வண்டியின் அடிப்பாகம், மணற்புயலில் உரியும் பெயின்ட், ஆற்றில் இறக்கி இன்ஜினுக்குள் புகுந்த நீர் ஆகியவை பெரும்பாலும் எந்தத் திட்டத்திலும் அடங்காது. மிக முக்கியமானது, வேறு வண்டி சம்பந்தப்படாத விபத்து. அதற்குப் பல ஒப்பந்தங்களில் தனி விதி. நாம் ஏற்க வேண்டிய தொகை அதில் பல மடங்கு உயரும், சிலவற்றில் காப்பே கிடையாது. அங்கே அதிகம் நடப்பதே அவ்வகை விபத்து என்னும்போது, மற்ற எல்லாச் சலுகைகளையும்விட இந்த ஒரு வரியை வைத்தே நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கலாம். இருட்டியபின் ஊருக்கு வெளியே ஓட்டினாலோ, பதிவான வேகம் வரம்பைத் தாண்டியிருந்தாலோ காப்பு ரத்து என்ற வரியும் இருக்கும்.

முன்பணத்தைக் கிரெடிட் கார்டில்தான் பிடித்து வைப்பார்கள். கார்டு ஓட்டுநரின் பெயரில் இருக்க வேண்டும். 2020 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி நம் கார்டுகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்து வருகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் நாமே திறக்க வேண்டும், தொகை வரம்பையும் பார்த்து உயர்த்த வேண்டும். இதைச் செய்யாமல் விமானநிலையக் கவுன்ட்டரில் நின்று தவிப்பவர்கள் உண்டு.

பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி எளிதாகவே கிடைக்கிறது. பரிவாகன் தளத்தில் படிவம் 4ஏ-யில் விண்ணப்பித்து 1,000 ரூபாய் கட்டினால் ஆர்.டி.ஓ. அலுவலகம் தரும், ஓராண்டு செல்லும். ஊருக்கொரு வடிவில் இருந்த இந்தக் கையேடு, 2022 ஆகஸ்ட் அறிவிக்கைக்குப் பின் நாடு முழுவதும் ஒரே வடிவில், உரிமத்தோடு இணைக்கும் கியூ.ஆர். குறியுடன் வருகிறது. இலங்கையில் இதைத் தருவது ஆட்டோமொபைல் அசோசியேஷன் ஆஃப் சிலோன். இணையத்தில் டாலருக்கு விற்கும் ‘இன்டர்நேஷனல் லைசென்ஸ்’ வெறும் காகிதம். உரிமம் தந்த நாட்டின் அதிகாரபூர்வ அமைப்பு தந்தால்தான் செல்லும். மூல உரிமம் கையில் இல்லாவிட்டால் அனுமதிக்கும் மதிப்பில்லை. நம் உரிமம் ஆங்கிலத்தில் இருப்பதால் அதுவே போதும் என்று வாடகைக்காரர் சொல்லலாம். ஊர் எல்லைச் சோதனைச் சாவடியில் நிற்கும் காவலரும், விபத்துக்குப் பின் கோப்பைப் புரட்டும் இன்சூரன்ஸ்காரரும் அப்படிச் சொல்வார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இரண்டையும் வைத்திருப்பதே நல்லது.

இன்னொன்று விமானப் பாதையைப் பற்றியது. சென்னையிலிருந்து விண்ட்ஹூக்குக்கு நேரடி விமானம் இல்லை. அடிஸ் அபாபா வழியாகப் போகிறவர், அங்கே தங்கும் நேரத்தைப் பொறுத்து மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று தேவைப்படுமா என்று டிக்கெட் எடுக்கும் முன்பே விசாரிக்க வேண்டும். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் இந்த ஊசி போடுகிறார்கள். போட்ட பத்து நாளுக்குப் பிறகே சான்று செல்லுபடியாகும் என்பதால் கடைசி வாரத்துக்கு வைக்க முடியாது. எட்டோஷாவும் அதற்கு வடக்கேயும் மழைக்காலத்தில் மலேரியா உண்டு, அதற்கான மாத்திரையையும் மருத்துவரிடம் கேட்டுவிடலாம்.

நாள்வாரித் திட்டத்தில்தான் நம்மவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். இருக்கும் விடுப்பில் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை புரிகிறது. ஆனால் கைபேசி வரைபடம் காட்டும் நேரத்தை நம்பி நாளை நிரப்பினால் மாலையில் வேகம் கூட்ட வேண்டிவரும், விபத்தும் அங்கேதான் காத்திருக்கும். என் கணக்கு இது: தாரில் மணிக்கு 90, சி சரளையில் 60, டி சாலையில் 45. விண்ட்ஹூக்கிலிருந்து செஸ்ரியம் ஏறக்குறைய 320 கிலோமீட்டர். அதைக் காலை முதல் பிற்பகல் வரையான ஒரு நாள் வேலையாக வைக்க வேண்டும். குறுக்குவழி என்று டி1275-இல் திரும்பினால் ஸ்ப்ரீட்ஸ்ஹூக்டே கணவாய் வரும். காட்சி அற்புதம், ஆனால் இழுவை வண்டிகளுக்கு அனுமதியே இல்லாத அளவு செங்குத்து இறக்கம். முதல் கியரில் இறங்கப் பழகாதவர் சுற்றுவழியே போகலாம்.

பகல் எத்தனை மணி நேரம் என்பதையும் பார்க்க வேண்டும். சுற்றுலாவுக்கு உகந்த வறண்ட மாதங்கள் மே முதல் அக்டோபர் வரை. ஜூனில் ஏழரைக்குத்தான் விடியும், ஆறேகாலுக்குச் சூரியன் மறையும். இருட்டில் ஓட்டவே கூடாது என்பது நமீபியாவில் எவரும் விட்டுக்கொடுக்காத விதி. காரணம் கூடு மான். கால் டன் எடைவரை வளரும் ஆண் கூடு, இரண்டு மீட்டருக்கு மேலுள்ள வேலியையும் தாண்டிக் குதிக்கும். வெளிச்சத்தைக் கண்டு ஓடாமல் சில வேளை அதை நோக்கியே பாயும். கால்கள் நீளம் என்பதால் மோதினால் உடல் நேரே முன்கண்ணாடிக்கு வரும். அந்திக்கு ஒரு மணி நேரம் முன்பே முகாமில் இருப்பதுபோலத் திட்டமிட வேண்டும். சாலையில் காட்டுப்பன்றியோ நரியோ குறுக்கிட்டால் ஒடிக்காமல் நேராகப் பிரேக் பிடிக்கச் சொல்கிறார்கள். மனசு கேட்காதுதான், ஆனால் வண்டியில் இருப்பவர்களின் உயிர் அதில் இருக்கிறது. எட்டோஷா பூங்கா வாசல்கள் சூரிய உதயத்தில் திறந்து அஸ்தமனத்தில் மூடும். உள்ளே 60-தான் வேகம். செஸ்ரியத்தில் உள்முகாமில் தங்கினால் உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே உள்ளே விடுவார்கள் என்பதால், மணல்மேட்டில் விடியலைப் பார்க்க விரும்புபவர் அந்த முகாமைப் பல மாதங்களுக்கு முன்பே பதிவுசெய்ய வேண்டும்.

எரிபொருளுக்கு ஒரே விதி: பாதி குறைந்தால் அடுத்து வரும் பங்க்கில் நிரப்பு. செஸ்ரியத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் வழியில் சொலிட்டேரை விட்டால் வால்விஸ் பே வரை சுமார் 230 கிலோமீட்டருக்குப் பங்க் கிடையாது. சிறு ஊர்களில் கார்டு இயந்திரம் வேலை செய்யாமல் போகலாம் என்பதால் ரொக்கம் வேண்டும். நமீபிய டாலரும் தென்னாப்பிரிக்க ராண்டும் சம மதிப்பு, இரண்டும் செல்லும். ஆளுக்கு நாளுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர். சைவம் சாப்பிடுகிறவர்கள் அரிசி, பருப்பு, காய்கறியை விண்ட்ஹூக் சூப்பர் மார்க்கெட்டிலேயே வாங்கிவிடுவது உத்தமம். வடக்கிலிருந்து தெற்கே வருகையில் கால்நடை நோய்த் தடுப்பு வேலியில் வண்டியைச் சோதித்துப் பச்சை இறைச்சியை எடுத்துவிடுவார்கள். 1896-97இல் வெக்கை நோயைத் தடுக்க ஜெர்மானியர் போட்ட காவல் கோட்டில் தொடங்கிய ஏற்பாடு அது.

எம்.டி.சி. சிம் ஊர்களில் எடுக்கும், இடையே எடுக்காது. வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். டிராக்ஸ்ஃபோர்ஆப்பிரிக்கா வரைபடம் அங்குள்ள சாலைக்கு நம்பகமானது. விபத்தில் காயமடைந்தால் அழைக்க வேண்டியது மோட்டார் வாகன விபத்து நிதியத்தின் 9682. எரிபொருள் மீதான தீர்வையில் இயங்கும் அமைப்பு அது. ஆம்புலன்ஸ் வர மணிக்கணக்கில் ஆகலாம். விமானத்தில் தூக்கிச்செல்லும் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு இல்லாமல் போகவே கூடாது. குடும்பத்தோடு போகிறவர்கள் சாட்டிலைட் போனை வாடகைக்கு எடுப்பதை நான் வீண்செலவாக நினைக்கவில்லை.

ஜனவரி முதல் மார்ச் வரை மழை. வருடம் முழுதும் மணலாகக் கிடக்கும் ஆறு, எங்கோ மேற்கில் வெயில் காயும்போதே கிழக்கே பெய்த மழையைச் சுமந்து வந்து சாலையை அறுத்துவிடும். நடந்து கடக்க முடியாத நீரில் வண்டியை இறக்கக் கூடாது. காத்திருந்தால் பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடியும். கடற்கரையில் வேறொரு கவனம் தேவை. பெங்குவேலா குளிர்நீரோட்டத்தால் காலையில் பனிமூட்டம் கவியும். உப்புநீர் தெளித்துக் கெட்டியாக்கிய சாலை அந்த ஈரத்தில் வழுக்கும்.

ஓட்டுபவர் தன்னைக் காப்பதைப் போலவே நிலத்தையும் காக்க வேண்டும். ஸ்வாகொப்முண்டைச் சுற்றியுள்ள சரளைச் சமவெளி வெறுந்தரை போலத் தெரியும். குனிந்து பார்த்தால் கல்லுக்குக் கல் ஆரஞ்சும் சாம்பலுமாகப் பாசிக்காளான்கள் ஒட்டியிருக்கும். பனிமூட்ட ஈரத்தை மட்டுமே குடித்து வளர்பவை. ஒருமுறை டயர் ஏறினால் அந்தத் தடம் பல பத்தாண்டுகள் மாறாது. பல நூறு ஆண்டுகள் வாழும் வெல்விட்சியா செடிகளும் அந்தச் சமவெளியில்தான் நிற்கின்றன. படம் எடுக்கச் சாலையை விட்டுப் பத்தடி இறக்குவதுகூடக் கூடாது. சுற்றுச்சூழலைக் காப்பதை அரசியலமைப்பிலேயே எழுதிக்கொண்ட நாடு அது. விருந்தாளியாகப் போகும் நமக்கு அதைவிடக் குறைந்த அக்கறை இருக்கக் கூடாது.

முதல்முறை போகிறவருக்கு நான் சொல்லும் பாதை: முதல் இரவு விண்ட்ஹூக்கில் தூங்கிவிட்டு மறுநாள் காலை வண்டி எடுப்பது. இரவு விமானப் பயணம் முடித்த கையோடு சரளையில் இறங்கக் கூடாது. செஸ்ரியத்தில் இரண்டு இரவு, ஸ்வாகொப்முண்டில் இரண்டு, டாமராலாந்தில் இரண்டு, எட்டோஷாவில் மூன்று. தெற்கே ஃபிஷ் ஆற்றுப் பள்ளத்தாக்கை இன்னொரு பயணத்துக்கு விட்டுவிடலாம். அதையும் சேர்த்தால் ஒவ்வொரு நாளும் ஐநூறு கிலோமீட்டர் துரத்தும். ஓட்டுநர்கள் இருவர் இருந்து இரண்டு பெயரும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். கடைசி இரவை மறுபடி விண்ட்ஹூக்கிலோ விமானநிலையத்துக்குப் பக்கத்திலோ வைக்க வேண்டும்: ஹோசியா குடாகோ விமானநிலையம் நகரிலிருந்து 45 கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது, வண்டியைத் திருப்பும் அலுவலகம் மாலையில் மூடிவிடும், அதிகாலை விமானத்துக்கு இருட்டில் ஓட்டிப்போவதை ஒப்பந்தமே அனுமதிக்காமல் போகலாம். திருப்பித் தரும்போதும் வண்டியைச் சுற்றி இன்னொரு வீடியோ எடுத்து, சேதமில்லை என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, கார்டில் பிடித்த தொகை எப்போது விடுபடும் என்ற தேதியையும் கேட்டுக்கொண்டு விமானம் ஏறலாம்.